சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அக்கா, உன் மகள் காலையில் கொண்டுவந்த வல்லாரையை ஆய்வுகூடத்தில் அரைத்துக்கொண்டிருக்கிறேன். பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நிற்கிறாய். செத்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற பழக்கத்தை நீ விடவில்லை.

தேயிலைத் தோட்டத்துப் பூச்சிமருந்து வைத்திருந்த பழைய ஸ்டோருக்குக் கீழே, மண் சரிந்த இடத்தில் புது ஊற்று கிளம்பியபோது வரிசை வீடுகளில் இருந்த நம் லயமே கூடிச் சூடம் கொளுத்தியது. தண்ணீர் வழிந்து விழ மூங்கில் பீலி வைத்து முதல் குடத்தைப் பிடித்தது நீதான். அதன் ஓரத்தில் வல்லாரை மண்டியது. அதைப் பறித்து, அந்தத் தண்ணீரிலேயே போட்டு, மூன்று டம்ளரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சிக் குடிப்பாய். "டவுன்ல இருக்குற ஒனக்கு இது கெடைக்குமாடி?" என்று என்னைச் சீண்டுவாய்.

பிறகு உன் உள்ளங்கையில் கரும்புள்ளிகள் வந்தன. "கொழுந்துக் கறைடி. ஒன்ன மாதிரி கண்ணாடிக் குழாய் கழுவுற கையா இது?" என்று சிரித்தாய். லயத்தில் எல்லார் கையிலும் கறை இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. போன வருஷம் சிறுநீரகம் கெட்டு நீ போய்விட்டாய்.

உன் மகள் கொழுந்து பறித்ததே இல்லை. லயத்திலிருந்து போய்வந்து பதுளையில் புடவைக் கடையில் நிற்கிறாள். அவளுடைய வளைகாப்பில் வளையல் போடக் கையைத் திருப்பினேன். அதே புள்ளிகள்.

ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துவந்து சோதித்தேன். ஆர்சனிக், கையில் புள்ளி வைக்கிற நஞ்சு. கிருமி கொதியில் சாகும், இது சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, மூன்று டம்ளர் நஞ்சும் ஒரு டம்ளரில் தங்கிவிடும். உன்னைக் கொன்றது அதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயமாக இருக்கிறது. இலை எவ்வளவு உறிஞ்சியிருக்கிறது என்பதும் இன்று தெரிந்துவிடும்.

காலையில் உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் போல வாதாடவில்லை, பொறுமையாகக் கேட்டாள்.

"சரி சித்தி, இனி அதக் குடிக்கல. அப்ப எதக் குடிக்கிறது? பழைய பீலித் தண்ணியெல்லாம் வத்திப் போச்சே."

கடையில் தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். அது எத்தனை நாளைக்குக் காணும்? தோட்டத்து ஆபீசுக்குச் சொன்னேன். "பாக்குறோம்" என்றார்கள். அவர்கள் பார்க்கிற லட்சணம் உனக்குத் தெரியாதா!

நேற்றிலிருந்து மழை. ஊற்று இப்போது அருவியாகக் கொட்டுகிறதாம். பக்கத்து லயத்துக்காரர்களும் குடம் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம், எல்லோருக்கும் ஒரே சந்தோஷமாம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கிற சொல்லைச் சுமந்துகொண்டு நாளை நான் மலையேறுகிறேன். நீ இருந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள்.