ஆள் இல்லாத மலைப்பாதை

ஊட்ரெக்ட், 1653 மார்ச் 4

இன்றும் ரொட்டியை இரண்டு பேருக்கு வெட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் யாஸ்பரை மண்ணில் வைத்து மாதம் ஆகவில்லை. கைக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் கடைசியாக வரைந்த படம் மரத் தாங்கியிலேயே நிற்கிறது. இத்தாலி மலை, தேன் நிற வெயில், நடுவே ஒரு பாதை. இத்தாலியை அவர் கண்டதே இல்லை. போய்வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு வரைவார். பாதையில் ஆள் இல்லை. அவருக்கு ஆள் வரைய வராது. மலையும் மரமும் அவர் வேலை, ஆட்களை அவர் சிநேகிதர் லுபர்ட் வந்து போடுவார். இந்த ஊரில் பாதிப் படம் அப்படித்தான்.

மார்ச் 6

லுபர்ட் வந்தார். படம் கேட்டிருந்த வக்கீல் அவசரப்படுத்துகிறாராம்.

"யாரும் அதைத் தொடக் கூடாது" என்றேன்.

"வெறும் மலைய யாரு வாங்குவா அண்ணி? புராணக் கதை வேணுமாம் அவருக்கு. சாணக் குவியலத் தவிர மேடு பாக்காத ஊர்க்காரரு!"

யாஸ்பர் கை பட்டது அந்தப் பாதைவரைதான். அதன் மேல் இன்னொருவர் தூரிகை — எப்படி விடுவேன்?

மார்ச் 7

மழை. படத்தின் எதிரே உட்கார்ந்திருந்தேன். அதில் அவ்வளவு வெயில். என் கால் சில்லிட்டுக் கிடந்தது.

மார்ச் 11

அவர் மூக்கு நினைவிருக்கிறது, சிரிப்பு நினைவிருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் வேறு யாரோ. இத்தனை படம் இருந்த வீட்டில் அவர் படம் ஒன்றில்லை. உங்க மூஞ்சிய ஒரு கோடாவது கிழிச்சு வெச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மார்ச் 12

வக்கீல் கேட்ட கதையை லுபர்ட் சொன்னார். பாட்டுக்காரன் ஆர்ஃபியஸ், செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டிவருகிறான். வெளிச்சம் வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிடுகிறான். அவள் போய்விடுகிறாள்.

"கூறுகெட்டவன். கொஞ்ச தூரம் பொறுக்க முடியலையா?"

"நீங்க பொறுத்திருப்பீங்களா அண்ணி?"

தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னேன்: "அவனுக்கு அவர் முகத்தப் போடுங்க தம்பி. அப்படின்னா தொடலாம்."

மார்ச் 15

முகம் வரவில்லை. போட்டார், துடைத்தார், போட்டார், துடைத்தார்.

"நான் வர்றப்பல்லாம் அண்ணன் படத்தப் பாத்துக்கிட்டே பேசுவாரு. முதுகுதான் எனக்குத் தெரியும்."

"அப்ப முதுகையே போடுங்க."

தாழ்ந்த இடது தோள், கழுத்தில் அந்தச் சுருள் முடி. அவரேதான்.

பின்னால் வரும் மனைவிக்கு மாதிரியாக என்னை நிறுத்திவைத்தார். "மீன் கழுவுன கையத் துடைங்க அண்ணி. பாதாளத்துல ஏது மீனு?"

செத்தவர் அவர். படத்தில் செத்தவள் நான். இருக்கட்டும்.

மார்ச் 27

வக்கீல் பார்த்தார். "திரும்பணுமே! அதுதானய்யா கதை?"

"திரும்பத்தான் போறான். இன்னும் கொஞ்ச தூரம் இருக்குங்க" என்றார் லுபர்ட்.

வக்கீல் சிரித்துவிட்டார். படத்தை நானே கம்பளியில் சுற்றிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9

வக்கீல் வீட்டுக் கணப்புக்கு மேலே மாட்டியிருக்கிறதாம். தெருவிலிருந்தே தெரியுமாம். மீன் சந்தைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். சன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொஞ்ச தூரம்தானே.