நாலு சொட்டு நல்லெண்ணெய்

செப். 27, சனி

வெயில் இல்லை, காற்றும் இல்லை. புழுக்கம். கடலிலிருந்து உப்பு மட்டும் வந்து கையில் ஒட்டுகிறது.

ராக்கெட் இன்ஜின் கோவையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. உலையில் வைத்துச் சூட்டு வேலை முடித்து, ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரி என்ற சீட்டோடு. நானும் ரஃபீக்கும் நாள் முழுக்கக் கழுவினோம். கழுவு, வடி, நைட்ரஜன் ஊது, புற ஊதா விளக்கில் பார். மறுபடி கழுவு. திரவ ஆக்சிஜன் (இனி தி.ஆ.) போகும் வழியில் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் வெடி.

ஷெட்டுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு யாரும் வரக் கூடாது என்பது என் சட்டம். அதனால் வீட்டில் அம்மாவிடம் தினமும் பாட்டு. "பரட்டத் தலையோட எங்கன கெளம்புற? பாக்குறவுக என்ன நெனப்பாக?" என்னமும் நினைக்கட்டும்.

சாயங்காலம் வாய்களுக்கு மூடி திருகி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒட்டியாயிற்று. ரஃபீக் உறையைத் தட்டிக் கொடுத்தான். "குளிப்பாட்டியாச்சு, இனி தூங்கட்டும்க்கா." ஏர்வாடிக்காரன். உலோகப் பொடியில் இன்ஜினை அச்சிடும் பிரிண்டரை ஓட்டுபவன், சோதனை ஸ்டாண்டில் வால்வைத் திறப்பவனும் அவனே.

செப். 29, திங்கள்

சென்னையிலிருந்து கம்பெனி முதலாளி சார் போன். சனிக்கிழமை பணம் போடுகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் இன்ஜின் எரிய வேண்டும். "செல்வி, இது நல்லபடியா எரிஞ்சா அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கு. இல்லைன்னா தீபாவளியோட ஷெட்டை மூடிட வேண்டியதுதான்." மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். அதில் ஒரு நிம்மதி, ஒரு எரிச்சல்.

சாப்பாடு இறங்கவில்லை. வைகாசி நினைப்பு.

வைகாசியில் முந்தைய இன்ஜின் ஸ்டாண்டிலேயே வெடித்தது. பிறகுதான் காரணம் தெரிந்தது. குளிர்விக்கும் துளைகளில் உருகாத பொடி அடைத்துக் கிடந்திருக்கிறது. ரஃபீக்குக்கு இடது காது போயிற்று. இப்போதெல்லாம் பேச்சுக் கொடுத்தால் தலையைத் திருப்பி வலது பக்கம் காட்டுவான். அன்று அவனைத் தாங்கிப் பிடித்ததில் என் சுடிதார் முழுக்க ரத்தம். மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்படியே வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பெற்ற அய்யா. என் ரத்தம் இல்லையென்று சொல்லி முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேலையை விடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "ஏன் வெடிச்சுச்சு?" என்று மட்டும் பல தடவை கேட்டார். ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தேன்.

செப். 30, செவ்வாய்

பூஜைக்கு வாங்க வேண்டியது:
பொரி, பொட்டுக்கடலை, வெல்லம்
வெள்ளைப் பூசணி
எலுமிச்சை (பிரிண்டருக்கும் வைக்கணுமாம். ஷெட்டில் கூட வேலை பார்க்கும் பரணி கேட்கிறான். வைக்கட்டும், வெளியே.)
மாவிலை, வாழைக்கன்று
திரி. எண்ணெய் வீட்டிலிருந்து அம்மா தருவாள்.

அய்யா புழுதி விதைப்பு முடித்துவிட்டார். காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருவது. எங்கள் பக்கம் வேறு வழி கிடையாது. மழை பிந்தினால் எறும்புக்கும் காடைக்கும்தான் விதை.

ஸ்கூட்டி பின் டயர் காற்று இறங்குகிறது. பார்க்க வேண்டும்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

ஷெட் கழுவிக் கோலம். எல்லார் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். ரஃபீக்கின் அம்மா நெய்ச்சோறு கொடுத்தனுப்பியிருந்தார். இன்ஜினையும் மேசையில் வைக்கச் சொன்னார் சார், போட்டோவுக்காக. உறையோடு வைத்தேன். பொட்டு உறைக்கு மேலேதான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

அய்யா வெள்ளை வேட்டியில். இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது வார்த்ததா, அடிச்சதா?"

"ரெண்டும் இல்லய்யா. உலோகப் பொடியப் பரப்பி, லேசரால உருக்கி ஒட்டுறது. அது மேல இன்னொரு பரப்பு, மறுபடி உருக்குறது. நாலு நாளு ஓடும்."

"தோச மேல தோச சுட்ட மாதிரி."

"அதேதான்."

"எங்கிட்டும் ஒரு நட்டு போல்ட்டக் காணமே?"

அதுதான் விஷயம் என்றேன். முன்பெல்லாம் நூற்றுக்கணக்கான துண்டுகளைச் செய்து, பற்றவைத்து, திருகி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது ஒரே உடம்பு. அதனால்தான் சீக்கிரம், அதனால்தான் மலிவு. பெருமையாகத் தலையை ஆட்டினார். பரணியின் அப்பாவிடம் போய் தோசைக் கதையை அவர் சொல்வதும் காதில் விழுந்தது.

பிறகு நான் பொரி கொடுக்கப் போய்விட்டேன். கூட்டம். பிள்ளைகள் சத்தம். நல்ல நாள்.

அக். 2, வியாழன்

விஜயதசமி, ஷெட் விடுமுறை. வீட்டில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

காலையில் அய்யாவுக்கு இட்லி வைத்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் தெளிந்த முகம். அவராகவே சொன்னார். "இனி பயமில்ல தாயி. வெடிக்காது. நேத்து நல்லெண்ணெய் விட்டிருக்கேன்ல."

"எதுக்குய்யா விட்டீக?"

"ஓம் மிசினுக்குத்தான். புது மோட்டாரு எறக்குனா வாயில நாலு சொட்டு எண்ணெய் விடாம சுச்சுப் போடுவமா? வறண்ட இரும்புல தீயப் போட்டா வெடிக்காம என்ன செய்யும்? போன தடவ அதான் வெடிச்சிருக்கு. படிச்ச பிள்ளைக, யாருக்கும் இது தோணல."

கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. உறையில் ஒட்டியிருந்ததை மெதுவாகப் பிரித்து, மூடியைத் திருகி, பூஜை விளக்கிலிருந்து விட்டு, பழையபடியே மூடி ஒட்டியிருக்கிறார். பம்புசெட் பிரித்துப் பூட்டிய கை. அடையாளமே தெரியாது.

"எந்த மூடிய்யா? செவப்பா, நீலமா?" சிவப்பு என்றால் மண்ணெண்ணெய் போகும் வழி, அதில் எண்ணெய் பட்டால் ஒன்றுமில்லை. நீலம் தி.ஆ.

"ரெண்டுலயுந்தான். ஒரு வாயில விட்டு இன்னொண்ணுல விடாம இருக்கலாமா?"

கத்திவிட்டேன். வாய்க்கு வந்தபடி. "வெடிச்சிருக்கும்யா! நீங்க சொல்லாம இருந்திருந்தா சனிக்கிழமை வெடிச்சிருக்கும். ரஃபீக்கு, நானு, எல்லாரும் அங்கனதான் நிப்போம்!" அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அய்யா இட்லியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அப்புறம் எழுந்து கை கழுவிக்கொண்டு விதைத்த காட்டுப் பக்கம் போனவர் மத்தியானம் வரவில்லை.

மூடி போட்டபின் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நேராக ஸ்டாண்டில் மாட்டித் தி.ஆ. திறந்திருப்போம். அதை நினைத்தால் உட்கார முடியவில்லை. அவர் ஆசையாகப் பேசப்போய்த்தான் நாங்கள் பிழைத்திருக்கிறோம்.

அக். 3, வெள்ளி

மறு பூஜை போட்டு ஷெட் திறந்ததும் மூடியைக் கழற்றி, புற ஊதா விளக்கு வைத்துப் பார்த்தோம். நீல வாயின் ஓரத்தில் மங்கலாக மினுங்கியது. ரஃபீக் "யா அல்லா" என்று பின்னால் நகர்ந்தான். கூடவே, பூஜையில் அய்யா விரலில் ஒட்டியிருந்த சந்தனத் துணுக்கு வேறு.

சாருக்குப் போன். விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "கழுவிடலாம்ல? இன்னிக்குப் பூரா கழுவுங்க. நாளைக்கு எரிச்சிடலாம்."

முடியாது என்றேன். பழைய மாதிரி துண்டுதுண்டாக இருந்தால் கழற்றித் துடைத்துக் கண்ணால் பார்க்கலாம். இது ஒரே உடம்பு. உள்ளே தலைமுடி போல் துளைகள், வளைவுகள். எந்த மூலையில் சந்தனம் எண்ணெயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? முந்தாநாள் அய்யாவிடம் பெருமை அடித்ததே இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

சார் விடவில்லை. "ரிஸ்க் எல்லாத்துலயும் இருக்கு செல்வி. இத்தனை பேர் வேலை."

எனக்குக் கோபம் வந்தது. "வால்வத் தெறக்கப் போறது ரஃபீக். நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க சார்" என்று போனை அவனிடம் கொடுத்தேன். வலது காதில் வைத்து முழுவதும் கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை.

"சார், எனக்கு ஒரு காதுதான் சார் மிச்சம் இருக்கு."

கடைசியில் சார், "புதுசா பிரிண்ட் போடுங்க" என்றார். "அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

பொடி சலித்து நிரப்பியாயிற்று. மூன்று மணிக்கு லேசர் ஓட ஆரம்பித்தது.

வீட்டில் அய்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியதற்கு வருத்தம் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. அப்பனும் மகளும் ஒரே மண்.

அக். 4, சனி

வந்தார்கள். எரிவதற்கு ஒன்றும் இல்லை. சார் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். வந்தவர்களில் ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்கப்பா ராக்கெட்டுக்கு எண்ணெய்க் குளியலா?"

"சிரிக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்லைங்க. அவர் சொல்லலைன்னா இந்நேரம் நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிக்கிட்டு இருப்பீங்க." சார் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

கூட வந்திருந்த வயதான அம்மா மட்டும் பிரிண்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே நீல ஒளி ஓடுகிறது, நிற்கிறது, பொடி பரவுகிறது, மறுபடி ஓடுகிறது. இது எப்போது முடியும் என்றார். அச்சு, சூட்டு வேலை, கழுவல் எல்லாம் சேர்த்துத் தீபாவளிக்கு முந்திய வெள்ளி என்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச மத்த கம்பெனியில ஒரு இன்ஜின் கெட்டா அடுத்தது வர்றதுக்குள்ள வருஷமே திரும்பிடும்." சாரைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை வர்றோம். ஆனா அதுதான் கடைசி" என்றார்.

வந்தது வந்தோம் என்று ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார்களாம்.

அக். 6, திங்கள்

மத்தியானமே இருட்டு. தெற்கே கடல் மேல் கருத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. ஜெனரேட்டர் தாங்கியது. நடுவில் நின்றுவிட்டால் பாதி இன்ஜின் காயலான் கடைக்கு. இன்னொன்றுக்குப் பொடியும் இல்லை, நாளும் இல்லை. ரஃபீக் ஷெட்டிலேயே படுக்கிறான்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அய்யா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளுக்கப்புறம் அவராகப் பேசினார்.

"மழ வந்தா கரண்டு போயிருமா?"

"போகும்."

"ஓம் மிசினு முடிய எம்புட்டு நேரமாகும்?"

"நாளைக்கு சாயங்காலம்."

"அது வரைக்கும் வராம இருக்கட்டும்."

விதைத்துவிட்டு ஈரத்துக்கு ஏங்குகிற சம்சாரி சொல்கிற வார்த்தையா இது? இந்த ஊரில் யாரும் யாருக்காகவும் மழை வேண்டாம் என்று வேண்டியதில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன். சாயல்குடி ரோட்டில் பாதி வழியில் நிறுத்திவிட்டு அழுதேன். லாரிக்காரன் ஒருத்தன் வேகத்தைக் குறைத்து, "என்னம்மா, பெட்ரோலு இல்லையா?" என்றான்.

அக். 7, செவ்வாய்

அச்சு முடிந்தது. முழுசாக. வண்டி கோவைக்குக் கிளம்பியாயிற்று. மழை வரவில்லை. காட்டில் காடை இறங்குகிறது என்று அம்மா சொன்னாள்.

அக். 14, செவ்வாய்

திரும்பி வந்தது. ஸ்கேன் சரி. துளைகள் சுத்தம். கழுவல் முடிந்தது. இந்தத் தடவை மூடிக்கு மேல் கம்பி முத்திரையும்.

பாதிக் காடு போய்விட்டதாம். நேற்று விழுந்த மழையில் மிச்சம் முளைக்கலாம் என்கிறார் அய்யா. விளக்கேற்றினால் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுகிறார். பார்க்க மனசு பொறுக்கவில்லை. அன்று கத்தியதற்கு வருத்தம் என்று சொன்னேன். "நீ கத்தாட்டி எனக்கு வெளங்கியிருக்காது" என்றார்.

அக். 17, வெள்ளி

மழை விட்டு வானம் வெளிவாங்கியிருந்தது. கிளம்பும்போது அய்யா முற்றத்து ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வைகாசிக்கு முன்னால் ஒவ்வொரு சோதனைக்கும் திருநீறு பூசி அனுப்புவார்.

"பூசி விடுங்கய்யா."

"வேணாம் தாயி. ஏங் கை வேணாம்."

"அட, பூசுங்க!" அவர் கையைப் பிடித்துத் தட்டில் தொட்டு நானே என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

பழைய உப்பளத்து ஸ்டாண்ட். மணல் மேட்டுக்குப் பின்னால் அறை. சார், வந்தவர்கள், எல்லாரும். ரஃபீக் "பிஸ்மில்லா" சொல்லி வால்வைத் திறந்தான். பற்றியது. நான் திரையைப் பார்க்கவே இல்லை, ரஃபீக்கின் கழுத்து நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் அதிர்ந்தது. முழு நேரமும் எரிந்து, சொன்ன இடத்தில் நின்றது. இன்ஜின் சுவரில் ஓட்டை இல்லை, கசிவு இல்லை, ஒன்றுமே இல்லை. சார் சின்னப் பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த அம்மா, "அடுத்ததை எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்றார்.

கைகுலுக்கல், போட்டோ, பைப் சரிபார்ப்பு. எல்லாம் முடிந்துதான் வீட்டு நினைப்பு. அய்யாவுக்குப் போன் போட்டேன். மணி அடிக்கும் முன்பே எடுத்தார். ஆனால் பேசவில்லை.

"அய்யா?"

மூச்சு மட்டும்.

"அய்யா, நாந்தான் செல்வி. நல்லபடியா முடிஞ்சிருச்சு."

"சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சு" என்றார். "திடீர்னு நின்னு போச்சு. முடிஞ்சு நின்னுச்சா, வெடிச்சு நின்னுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ போனு போடுற வரைக்கும் வரப்புலயே உக்காந்திருக்கேன்."

எனக்குத் தோன்றவே இல்லை. எரிந்து முடித்ததற்கும் வெடித்ததற்கும் தூரத்தில் ஒரே அமைதிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. வீட்டைப் பார்த்து அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"இந்தா, எங்கன இருக்க? ஓடியா. பிள்ள பேசுது! பிள்ள பேசுது!"