பதினொரு புரோகிராமும் ஒரு வீடியோவும்

ஆறு மாதமாய் இழுத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைத் தானே சரிசெய்துவிட்ட பூரிப்பில், பல்லேகல பஸ்ஸுக்கு நேரமாகியும் பஸ்லினா கணவன் இப்ஹாமுக்குச் சீட்டு எழுதினாள்.

"இஞ்ச பாருங்க, கம்ப்யூட்டர் இப்ப ஒரு நிமிஷத்துக்குள்ள தொறக்குது. ஆன் பண்ணினதுமே தானா ஓடின பதினொரு புரோகிராமையும் நிப்பாட்டிட்டேன். வீடியோ நெறஞ்சு உள்ள இடமே இல்லாம ஈந்திச்சு. ரெண்டு தரம் கிடந்ததுகள மட்டும் அழிச்சேன். மவுத்தாகி நம்மள விட்டுப் போன உங்கட வாப்பா சிரிச்சுப் பேசுற வீடியோ பத்திரமா ஈக்குது, பென்டிரைவ்லயும் போட்டு வெச்சேன். சோறு குக்கர்ல ஈக்குது, மீனாணத்தச் சூடாக்குங்க."

கதவுவரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"'ஒண்ணையும் அழிக்காத'ன்னு நேத்து நீங்க கத்தினது ஏன்னு இப்பதான் வெளங்கிச்சு. நானும் கத்தினதுக்கு மன்னிச்சிருங்க. அந்த வீடியோவத் தனியா பாக்க வேணாம், நான் வந்துர்றேன்."