கண்ணாடித் தொட்டியில் மாறும் கெண்டைகள்

அனுப்புநர்:
மீன் சந்தை, பதினான்காம் கடையில் உயிர்மீன் விற்பவள்
(பெயரைத் தனித்தாளில் எழுதி மடித்து வைத்துள்ளேன். கோப்பில் சேர்க்க வேண்டாம்.)

பெறுநர்:
நகர சுகாதார அதிகாரி அவர்கள்

பொருள்: குடிநீர் நிலையத் தொட்டியில் மீன்கள் சாவதும், யாருக்கும் தெரியாமல் மாற்றப்படுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டு நான்காம் முறையாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

2. குடிநீர் நிலைய வாசலில் உள்ள கண்ணாடித் தொட்டியைத் தாங்கள் அறிவீர்கள். மருந்து கலக்குமுன் வடிகட்டிய தண்ணீரை அதில் ஓடவிடுகிறார்கள். மீன் நீந்தினால் தண்ணீர் நல்லது என்று பலகையும் உண்டு. அதை நம்பித் தண்ணீர் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

3. அந்நிலையத்தின் மேற்பார்வையாளர் இரண்டு மாதமாக என்னிடம் உயிரோடு மீன் வாங்குகிறார். வெட்டச் சொல்வதில்லை, செதில் எடுக்கச் சொல்வதில்லை. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் போதும். முதலில் வாரம் ஒருமுறை வந்தவர் இப்போது திங்களும் வியாழனும் வருகிறார். வீட்டம்மா கைமணம் அப்படியா என்று கேலிகூடச் செய்தேன். அவர் காசை வைத்துவிட்டு மீனோடு போய்விட்டார்.

4. முதலில் ரோகு வாங்கினார். பிறகு, "சீக்கிரம் சாகாத மீனா குடுங்கக்கா" என்றார். சாதாக் கெண்டை கொடுத்தேன். ஐயா, அது சேற்றைக் கிளறித் தின்று கலங்கல் நீரிலும் பிழைக்கிற மீன். ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தால் வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுவே அந்தத் தண்ணீரில் மூன்று நாள் தாங்கவில்லை.

5. சந்தேகம் வந்து, திங்களன்று விற்ற மூன்று கெண்டைகளின் வாலில் கத்தரியால் சிறு வெட்டு வைத்தேன். செவ்வாயன்று தொட்டியில் மூன்றும் இருந்தன. ஒன்று சாய்ந்து நீந்தியது. வியாழன் காலை மறுபடி மூன்று வாங்கிப் போனார். அவற்றுக்கு நான் வெட்டு வைக்கவில்லை. மாலையில் போய்ப் பார்த்தேன். தொட்டியில் மூன்று கெண்டைகள் நீந்தின, வெட்டு வால் ஒன்றுகூட இல்லை.

6. அவர் மீனோடு பக்கத்துக் கடையில் இரண்டு கேன் தண்ணீரும் வாங்கிப் போவதை அதன் பிறகே கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். "வெளியில பேசாதீங்கக்கா. உங்க மருமகளுக்கு மட்டும் கேன் தண்ணி குடுங்க" என்றார். என் மருமகளுக்கு இது ஏழாம் மாதம். அவளுக்குக் கேன் வாங்கிவிட்டேன். எங்கள் தெருவில் மற்ற நாற்பது வீட்டுக் குடங்களும் அதே குழாயில்தான் நிறைகின்றன. பார்த்துக்கொண்டே வாயை மூடி நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது, அதைவிடப் பயமாக இருக்கிறது.

7. ஆகவே தெருக்குழாய்களில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டுகிறேன். தங்கள் அலுவலகக் குழாயிலிருந்தே தொடங்கலாம். அதுவும் அதே தண்ணீர்தான். இம்மனுவை, "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி அந்நிலையத்துக்கே அனுப்பிவிட வேண்டாம்.

8. தாங்கள் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். சொன்னால் அன்று காலை அவர் என் கடைக்கு வருவார். மறுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. நல்லதாகப் பார்த்து மூன்று கெண்டை எடுத்துக் கொடுப்பேன். தாங்கள் வரும்போது அவை தொட்டியில் நன்றாக நீந்திக்கொண்டிருக்கும்.

இடம்: மீன் சந்தை
நாள்: ஞாயிறு (நாளை அவர் மீன் வாங்கும் நாள்)

தங்களை நம்பி,
பதினான்காம் கடைக்காரி