உள்விளக்கு

ஜூன் 9, திங்கள்
இன்றும் பாதித் தூக்கத்திலேயே ஹாஸ்டலிலிருந்து மெயின் ரோடு வரை நடந்தேன். ரூம்மேட் மஞ்சுளா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். விடியாத இருட்டு, உரசிப்போகும் கன்டெய்னர் லாரிகள். கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் சந்துக்குள் வராதாம், திரும்ப இடமில்லையாம். யார் பஸ்ஸைத் திருப்பிப் பார்த்தார்கள்?

கம்பெனியில் அசெம்பிளி லைனில் கை தன்பாட்டுக்கு ஸ்க்ரூ முடுக்கியது. மனசு பஸ்ஸைச் சந்துக்குள் ஓட்டிப் பார்த்தது. அழகாகத் திரும்பியது.

ஜூன் 11
அதையே ‘ஜன்னலோரம்’ வலைப்பூவில் கதையாகப் போட்டேன், என் பெயர் இல்லாமல். பஸ் செம்பரம்பாக்கம் ஏரிமேல் மிதந்து வந்து எங்கள் வாசலில் நிற்கிறது. டிரைவர் மட்டும் நிஜம், எங்கள் யாக்கோபு அண்ணன். கடைசிப் பெண் ஏறியதும், நாங்கள் தூங்கட்டும் என்று உள்விளக்கை அணைத்துவிடுவார். பெயரை மாற்றினேன். விளக்கை மாற்ற மனசு வரவில்லை.

ஜூன் 16
பஸ்ஸில் வேறு டிரைவர். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கதையைப் படித்துவிட்டார்கள். பெண்கள் போகும் பஸ்ஸில் விளக்கு எரியத்தான் வேண்டும் என்பது விதி. அணைக்கிறவர் யார் என்று விசாரித்து அண்ணனை நிறுத்திவிட்டார்களாம்.

ஐயோ, பாராட்டித்தானே எழுதினேன்? பாராட்டியே கவுத்துட்டேனே. பென்னலூர்ல அவர் வூட்ல இப்ப என்ன பேசிக்கினு இருப்பாங்க?

ஜூன் 17
கதையை அழித்துவிடலாமா என்று மஞ்சுளாவிடம் கேட்டேன்.

“அழிச்சா அவரு தப்பு பண்ணாருன்னு ஆயிடும்டி. உன் பேரப் போட்டு எழுது.”

என் பேரா? நானே கான்ட்ராக்ட், எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம்.

ஜூன் 18
எழுதிவிட்டேன். நான் அறிவுமதி, விளக்கை அணைக்கச் சொல்லி முதலில் கேட்டது நாங்கள்தான், ஏன் என்றால் — என்று ஆரம்பித்து, நாங்கள் நடக்கும் இருட்டையெல்லாம் எழுதினேன். ஏரி இல்லை, மிதப்பு இல்லை. கீழே மஞ்சுளா தன் பெயரைப் போட்டாள். பிறகு சுகப்பிரியா. சாயங்காலத்துக்குள் பஸ் முழுக்க.

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும்.

ஜூன் 23
ஹெச்ஆர் கூப்பிட்டார்கள். நிறைய திட்டு. கடைசியில், எந்தச் சந்து என்று கேட்டார்கள். வரைந்து காட்டினேன். தாளில் சந்து இன்னும் குறுகிப்போனது.

ஜூன் 26
ஒரு செய்தியும் இல்லை. நடந்தோம்.

ஜூலை 1
வாசலில் ஹாரன். எட்டிப் பார்த்தால் பஸ், உள்ளே யாக்கோபு அண்ணன். கனவுதான் என்று மறுபடி படுத்துவிட்டேன். மஞ்சுளா போர்வையோடு இழுத்தாள்.

“ஏரில நல்லா மிதக்க வுட்ட. இந்தச் சந்துல வந்து திருப்பிப் பாரு, தெரியும்,” என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

கடைசியாகச் சுகப்பிரியா ஏறினாள். அண்ணனின் கை சுவிட்ச் வரை போய், திரும்பி ஸ்டியரிங்குக்கே வந்தது. அணைக்கச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாகத் துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போனோம்.