வலப்பக்க இரைச்சல்

உன் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி கொடுத்த பையைத் திறந்ததும் உப்புக்காற்றின் வாடை அடித்தது. திருவிடந்தையில் உன் வீட்டுச் சாமான் எதைத் தொட்டாலும் அந்த வாடைதான். உள்ளே, உன் ஸ்டீரியோவில் பாட்டுப் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் இணைக்க நான் செய்து கொடுத்த ஒயர் ஜோடி. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஊரப்பாக்கம் வந்து சேர்ந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டேன். நீ அவற்றை வெட்டியிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும். நாம் பேசாமல் இருந்த இரண்டு வருடமும் எனக்கு அந்த ஒரு சந்தேகம்தான்.

கடை ஒயர் நமக்குச் சரிப்படாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே செய்தோம். உள்ளே இரண்டு கம்பி, அவற்றைச் சுற்றிச் செம்பு வலை, மேலே கறுப்பு ரப்பர். வெளி இரைச்சல் உள்ளே புகாமல் தடுப்பது அந்த வலை. அதை இரண்டு முனையிலும் பெட்டியின் தகரத்தோடு பிடித்துவிடுவது என் வழக்கம். ஒரு முனையில் பிடித்தால் போதும் என்பது உன் கட்சி.

"ரெண்டு பொட்டிக்கும் தனித்தனியா எர்த் கீது அண்ணாத்த. வலைய ரெண்டு பக்கமும் புடிச்சா அதுவே கொர்ருன்னு கத்தும்."

"நீ வூட்டுக்கு முன்கதவ சாத்திட்டு பின்கதவத் தொறந்து வுடுவியா?"

"மோட்டாருக்குக் காயில் கட்ற ஆளாண்ட பேசி ஜெயிக்க முடியுமா" என்று சிரிப்பாய்.

அதுவரை எல்லாம் சிரிப்புதான். ஒரு ஞாயிறு நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் ஆம்ப்ளிஃபயரில் எப்போதும் இருந்த இரைச்சல் இல்லை. ஒயரின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு அம்பு போட்டிருந்தாய். அம்பின் தலைப் பக்கம் வலையை வெட்டியாகிவிட்டது என்று அடையாளம்.

"இன்னாத்துக்குக் கேக்காம வெட்டுன?"

"கேட்டா வுட்டிருப்பியா? படிச்சவனுக்கு இதெல்லாம் சாதாரண விஷயம் அண்ணாத்த."

நீ டிப்ளமோ படித்து அணு ஆராய்ச்சி ஆபீசில் டெக்னீஷியனாக இருந்தவன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையைச் சுட்டுச் சுட்டுக் கற்றுக்கொண்டவன் நான். அன்றைக்கு உன்னை நான் டீ குடிக்கவும் சொல்லவில்லை.

நீ போனதும் ஸ்பிரிட் தொட்டு அம்பை அழித்தேன். வெட்டிய முனையை மறுபடி பற்றவைத்தேன். இரைச்சல் திரும்பி வந்தது. இரண்டு வருடம் அதோடுதான் பாட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

இப்போது உன் ஒயர்களின் நான்கு முனைகளையும் பிரித்துப் பார்த்தேன். கடற்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது. ஆனால் நான் வைத்த ஈயம் வைத்தபடியே இருந்தது. நீ தொடவே இல்லை. இருப்புக்கொள்ளாமல் உன் மனைவிக்குப் போன் செய்து, செட் எப்படிப் பாடியது என்று கேட்டேன்.

"கொர்ருன்னுதான் இருக்கும்ணே. பேஜாரா கீது, சரி பண்ணுய்யான்னா, 'அவரு செஞ்சது, அவரே வந்து வெட்டட்டும்'னுவாரு."

போனை வைத்த பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. கேளம்பாக்கத்தில் ஒரு பஸ் மாறினால் என் வீடு. வந்து கூப்பிட்டிருக்கலாமே. நானும் ஒரு பஸ் மாறியிருக்கலாம். எழுதிவிட்டேன், அது போதும்.

உன் ஜோடியைத்தான் என் செட்டில் மாட்டியிருக்கிறேன். இடது ஒயரில் ஒரு முனையை நானே வெட்டி, அம்பும் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அடங்கிவிட்டது. நீ சொன்னது சரி. கேட்காமல் வெட்டியது தப்பு. ஒன்றை ஒப்புக்கொண்டதற்காக இன்னொன்றை விடமாட்டேன்.

வலது ஒயரைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக நாலு நாள் ஓடிவிட்டது. கேட்டால் விட்டிருப்பேனா என்றாய் அல்லவா. கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, விட்டிருப்பேன். வலப்பக்கம் இன்னும் கொர்ரென்று இரைகிறது. கட்டர் பக்கத்திலேயே இருக்கிறது.