கர்க்கடகக் கஞ்சியும் இந்த வருஷத்து ஊசியும்

அன்புள்ள அச்சனுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சர்க்கரை பார்த்தீர்களா? ஜெய்ப்பூர் வெயிலிலும் நான் நன்றாகவே இருக்கிறேன்.

நேற்று எங்கள் மருத்துவமனை ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டேன். கேன்டீன் பன்வாரிலால் சண்டைக்கு வந்தார். "போன வருஷம்தானே குத்துனீங்க சிஸ்டர்? நான் என்ன பஞ்சரான டயரா, திரும்பத் திரும்ப ஒட்டுறதுக்கு?"

"கிருமி வருஷா வருஷம் வேஷம் மாத்துது பன்வாரி பாய். பழைய ஊசிக்குப் புது வேஷம் அடையாளம் தெரியாது," என்றேன். முனகிக்கொண்டே கையை நீட்டினார். கை வலிக்குப் பழிவாங்க, இன்று எனக்குச் சர்க்கரையில்லாத டீ.

நீங்களும் ஃபோனில் அதையேதான் சொன்னீர்கள்: "போன வருஷம் போட்டாச்சு மோளே, அது போதும்." ஆடி மழையோடு கர்க்கடக மாதம் பிறந்தால் வருஷம் தவறாமல் மருந்துக் கஞ்சி குடிக்கிறீர்களே, போன வருஷத்துக் கஞ்சி வயிற்றில் இருக்கிறது என்று என்றைக்காவது சொன்னதுண்டா? அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். மழைக்கு முன்பே போங்கள். அப்புறம் காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் ஆளைச் சாய்க்காது.

கஞ்சி மருந்து ஒரு பொட்டலம் எனக்கு அனுப்புங்கள். போன வருஷம் ஊருக்கெல்லாம் குத்திவிட்டு என்னை மறந்து, காய்ச்சலில் எட்டு நாள் விடுதியில் கிடந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பயப்படாதீர்கள், இந்த முறை முதல் ஊசி எனக்குத்தான்.

அந்த எட்டு நாளும் ஒரு வாய் கஞ்சி வைத்துத் தர இங்கே ஆளில்லை. அம்மா போன பிறகு அங்கேயும் இல்லை. போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

டியூட்டிக்கு மணியாகிவிட்டது.

உங்கள்
மகள் ப்ரஸீதா